மேனியாக்கை எதிர்கொள்வது எப்படி? ஆன்லைன் போக்கர் கேஷ் டேபிளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எந்தச் சீட்டு வந்தாலும் ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏற்றுவது. நீங்கள் ரெய்ஸ் செய்தால் அதற்கு மேல் ரெய்ஸ். ஃப்ளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பாட் (நடுவில் சேர்ந்த பணம்) அளவுக்கு பெட், டர்னில் (நான்காவது சீட்டு) மறுபடியும், ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆல்-இன், அதாவது மிச்சப் பணம் முழுவதும். இப்படி ஆடுகிறவரைத்தான் போக்கர் வட்டத்தில் மேனியாக் என்கிறார்கள். இவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், மீதி ஐந்து பேரின் ஆட்டமும் குலைந்துவிடும்.

குலைவது இரண்டு விதமாக. ஒரு சாரார் நல்ல சீட்டு வரட்டும் என்று ஒதுங்கிவிடுவார்கள். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். 6 பேர் டேபிளில் அதற்குள் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை; சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட்) கட்டியே ஏறக்குறைய 55 பிக் பிளைண்ட் கரைந்திருக்கும். இன்னொரு சாரார் கோபம் வந்து, அவரைவிட அதிகமாக ரெய்ஸ் செய்து பணிய வைக்கப் பார்ப்பார்கள். ஃபோல்ட் செய்யவே (சீட்டைப் போட்டுவிட்டு விலகவே) மனம் வராத ஒருவரிடம் பிளஃப் செய்வது (நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டுவது) பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான்.

சரியான வழி வேறு. பெட் செய்யும் வேலையை அவரிடமே விட்டுவிட வேண்டும். எந்தக் கையோடு உள்ளே வரலாம், எந்தக் கையோடு கடைசி வரை கால் செய்யலாம் (எதிராளி போட்ட அளவே போட்டுத் தொடரலாம்) என்ற உங்கள் எல்லையைக் கணக்குப் பார்த்துக் கீழே இறக்க வேண்டும். எவ்வளவு இறக்குவது, எங்கே இறக்கக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டி முழுக்க.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கரை எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கணக்குகள் நோ லிமிட் ஹோல்டம், 6 பேர் டேபிள், ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் ஸ்டாக் (டேபிளில் வைத்திருக்கும் பணம்) என்ற அடிப்படையில் அமைந்தவை. பிக் பிளைண்டை இனி பி.பி. என்று சுருக்கிக்கொள்வோம்.

படி 1: அவர் உண்மையிலேயே மேனியாக்தானா?

மூன்று கை தொடர்ந்து ரெய்ஸ் செய்தார் என்பதற்காக ஒருவருக்கு மேனியாக் முத்திரை குத்துவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை. நல்ல சீட்டு அடுத்தடுத்து வந்திருக்கலாம்.

புள்ளிவிவரம் காட்டும் மென்பொருளை உங்கள் தளம் அனுமதித்தால் மூன்று எண்களைப் பாருங்கள். சில தளங்கள் அதற்குத் தடை போட்டிருக்கின்றன, விதியைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முதல் எண் வி.பி.ஐ.பி., அதாவது ஃப்ளாப்புக்கு முன் தானாக விரும்பிப் பணம் போட்ட சதவீதம். இரண்டாவது பி.எஃப்.ஆர்., ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்த சதவீதம். மூன்றாவது த்ரீ-பெட் சதவீதம், அதாவது ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு அதற்கு மேல் ரெய்ஸ் செய்வது. 6 பேர் டேபிளில் ஒழுங்காக ஆடுகிறவருக்கு இவை ஏறக்குறைய 25, 20, 8 என்று இருக்கும். மேனியாக்குக்கு 50, 35, 15 அல்லது அதற்கும் மேலே போகும்.

எத்தனை கை பார்த்தால் நம்பலாம்? வி.பி.ஐ.பி. சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும். 40 கையில் 50% காட்டினால் அசல் எண் 35-க்கும் 65-க்கும் இடையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 25% ஆடுகிறவர் 40 கையில் 50% காட்டுவது மிக அரிது. த்ரீ-பெட் அப்படியல்ல. அதற்கான வாய்ப்பே எப்போதாவதுதான் வரும் என்பதால் சில நூறு கைகள் பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது.

மென்பொருள் இல்லாதவர்களுக்கு ஷோடவுன்தான், அதாவது கடைசியில் சீட்டைத் திறந்து காட்டுவதுதான் சான்று. பெரிய பாட் முடிந்து சீட்டு திறக்கும்போதெல்லாம் மூன்றைக் குறித்து வையுங்கள்: எந்தச் சீட்டோடு உள்ளே வந்தார், எந்தத் தெருவில் (பந்தயச் சுற்றில்) எவ்வளவு பெட் செய்தார், ஒன்றுமில்லாத கையோடு ரிவர் வரை போனாரா. அந்தக் கையில் நீங்கள் இல்லாவிட்டாலும் ஹேண்ட் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று ஷோடவுனே நிறையச் சொல்லிவிடும்.

மேனியாக்கிலும் வகை உண்டு, வகைக்கேற்ப மருந்து மாறும்:

ஃப்ளாப்புக்கு முன் மட்டும் ஆட்டம் போடுகிறவர். 9-4 ஆஃப்சூட்டோடு (வெவ்வேறு சின்னத்தில் உள்ள சீட்டோடு) ரெய்ஸ் செய்வார், ஃப்ளாப் ஒத்துவராவிட்டால் அடங்கிவிடுவார். இவருடைய டர்ன், ரிவர் பெட்டுகளுக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

மூன்று தெருவிலும் சுடுகிறவர். எதிராளி செக் செய்தாலே (பணம் போடாமல் முறையைக் கடத்தினாலே) பெட் செய்வார். நம் லாபத்தின் பெரும்பகுதி இவரிடமிருந்துதான் வரும்.

பெட்டும் செய்வார், காலும் செய்வார், ஃபோல்ட் மட்டும் செய்ய மாட்டார். இவரிடம் நல்ல கை கிடைத்ததும் நீங்களே பெரிதாக பெட் செய்யலாம்.

நான்காவதாக ஒருவர் உண்டு, அவர் மேனியாக்கே அல்ல. 30, 26, 12 போன்ற எண்களோடு ஆக்ரோஷமாக ஆடும் தேர்ந்த ஆட்டக்காரர். நீங்கள் லேசான கைகளோடும் கால் செய்வதைக் கவனித்த மறுகணம் பிளஃபை நிறுத்திவிடுவார். கீழே சொல்வதை அவரிடம் பயன்படுத்தினால் கை சுட்டுக்கொள்வீர்கள்.

படி 2: இடமும் ஸ்டாக்கும்

மேனியாக் உங்களுக்கு வலதுபுறம் இருக்க வேண்டும். அவர் முதலில் ஆடுவார், என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுப்பீர்கள். உங்கள் இடதுபுறம் அவர் இருந்தால் நீங்கள் 2.5 பி.பி. போட்டு உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் 9, 10 என்று ஏற்றிவிடுவார். ஆன்லைனில் இடம் மாறுவது சுலபம்: அவருக்கு அடுத்த சீட் காலியானதும் எழுந்து அங்கே உட்காருங்கள். தளம் இடத்தைத் தேர்ந்தெடுக்க விடாவிட்டால், அவர் இடதுபுறமே நிலைத்துவிட்டால், உங்கள் ரெய்ஸை 2 பி.பி.க்குக் குறையுங்கள். பலவீனமான கைகளைத் திறப்பதையும் நிறுத்துங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வேறு டேபிள் பார்க்கலாம்.

ஸ்டாக் எப்போதும் முழுதாக இருக்கட்டும். ஆட்டோ டாப்-அப் வசதியை 100 பி.பி.யில் வைத்துவிடுங்கள். 45 பி.பி.யோடு உட்கார்ந்திருக்கும்போது செட் (கையிலுள்ள ஜோடிக்கு மேசையில் மூன்றாவது சீட்டு) அடித்தால் மீதி 55 பி.பி. உங்களுக்குக் கிடைக்காமலே போகிறது. அவரிடம் 250 பி.பி. சேர்ந்திருந்தாலும் உங்களிடம் 100 இருந்தால் அந்தக் கையில் ஆபத்து 100 மட்டுமே.

நான்கு டேபிள் ஆடுகிறவர் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே எடுக்க வேண்டிய முடிவுகள் நேரம் பிடிப்பவை.

படி 3: ஃப்ளாப்புக்கு முன்

இங்கே குறிக்கோள் ஒன்றுதான்: அவரைத் தனியாகப் பிடிப்பது. ஏஸ் ஜோடியே எந்த இரண்டு சீட்டோடும் வரும் ஒருவருக்கு எதிராக 85% வெல்லும். அப்படி நான்கு பேர் உள்ளே வந்தால் 56% ஆகிவிடும். ஏஸ் ஜோடிக்கே இந்தக் கதி என்றால் ஏஸ்-ஜாக்கைச் சொல்லவே வேண்டாம். எனவே அவர் ரெய்ஸ் செய்யும்போது வெறும் கால் செய்து பின்னால் இருப்பவர்களுக்கும் கதவைத் திறந்துவிடாமல், த்ரீ-பெட் செய்து அவர்களை வெளியே தள்ளுங்கள். பல தளங்களில் ஃப்ளாப் வராமல் முடியும் பாட்டுக்கு ரேக் (தளத்தின் கமிஷன்) பிடிப்பதில்லை என்பது கூடுதல் லாபம்.

அவர் 4 பி.பி. திறந்தால் (முதல் ரெய்ஸ் போட்டால்), பொசிஷனில், அதாவது அவருக்குப் பின்னால் ஆடும் இடத்தில், இருக்கும் நீங்கள் 12 முதல் 13 வரை போடுங்கள். பிளைண்டில் இருந்தால் 16 முதல் 18. எது வந்தாலும் கால் செய்கிறவர் என்று தெரிந்துவிட்டால் பொசிஷனிலும் 15 வரை ஏற்றலாம்.

கட்டாஃபில் (பட்டனுக்கு முந்தைய இடத்தில்) பாதிக் கைகளைத் திறக்கும் ஒருவருக்கு எதிராக பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) இருந்து த்ரீ-பெட் செய்ய ஒரு பட்டியல்: 8 ஜோடி முதல் மேலே எல்லா ஜோடியும், ஏஸ்-10 முதல் மேலே எல்லாம், ஏஸ்-8, ஏஸ்-9 சூட்டட் (ஒரே சின்னம்), கிங்-ஜாக், கிங்-குயின், கிங்-10 சூட்டட், குயின்-ஜாக் சூட்டட். மொத்தம் 154 காம்போ (இரண்டு சீட்டுச் சேர்க்கை), அதாவது சாத்தியமான 1326-இல் ஏறக்குறைய 12%. எல்லாமே மதிப்புக்காகப் போடுவது, ஒன்றுகூட பிளஃப் இல்லை. ஏஸ்-ஜாக் ஆஃப்சூட் எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக 64% அளவுக்கு வெல்லும் கை. இறுக்கமான ஆட்டக்காரரிடம் இதே கையோடு பெரிய பாட்டில் மாட்டினால் பெரும்பாலும் நாம்தான் பின்னால் இருப்போம்.

பட்டியலில் 6-5 சூட்டட், 8-7 சூட்டட் இல்லாததைக் கவனியுங்கள். இவை எதிராளி ஃபோல்ட் செய்வதிலும், மலிவாக ஃப்ளாப் பார்ப்பதிலும் சம்பாதிக்கும் கைகள். மேனியாக் இரண்டையும் தர மாட்டார். அவரிடம் பெரிய சீட்டுதான் பேசும். ஜோடியே கிடைக்காமல் போனாலும் ஏஸ் மட்டும் வைத்திருப்பவர் ஷோடவுனில் வெல்லும் சந்தர்ப்பங்கள் நிறைய வரும். சிறு ஜோடிகளைப் பொசிஷனில் 4 பி.பி.க்கு கால் செய்யலாம். செட் கிடைப்பது 12% தான், ஆனால் கிடைத்தால் அவர் முழு ஸ்டாக்கையும் கொடுப்பார். பின்னால் இருப்பவர்கள் மறுபடி ரெய்ஸ் செய்யும் பழக்கமுள்ளவர்கள் என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆளை மறக்காதீர்கள்

மேனியாக் டேபிளில் நன்றாக ஆடுகிறவர்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி மேனியாக்கிடம் போவதில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கும் இறுக்கமான ஆட்டக்காரரிடம் போகிறது. மேனியாக் 4 பி.பி. போடுகிறார், நீங்கள் ஜாக் ஜோடியோடு 12. பிளைண்டில் இதுவரை வாயே திறக்காதவர் 30-க்கு ஏற்றுகிறார். மேனியாக் விலகிவிட்டார். மேனியாக்குக்காக இறக்கி வைத்த எல்லையை இவரிடமும் வைத்துக்கொண்டு ஆல்-இன் போவதில்தான் ஸ்டாக் பறிபோகிறது.

கணக்கைப் பாருங்கள். இவர் கையில் குயின், கிங், ஏஸ் ஜோடிகள் 18 காம்போ, ஏஸ்-கிங் 16 காம்போ என்று வைத்துக்கொள்வோம். ஜோடிகளுக்கு எதிராக உங்கள் ஜாக் ஜோடிக்கு 19%, ஏஸ்-கிங்குக்கு எதிராக 56%. சேர்த்துப் பார்த்தால் 36%. மீதி 88 பி.பி. போட்டு 205 பி.பி. பாட்டுக்குப் போக 43% வேண்டும். ஃபோல்ட். அவர் ஷோடவுனில் பலவீனமான கைகளையும் காட்டியிருந்தால் ஒழிய இந்த முடிவு மாறாது.

பிளைண்டில் இருக்கும்போது

பிக் பிளைண்டில் எதையும் காக்கலாம் என்று பழகியவர்கள் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். வழக்கமான 2.5 பி.பி. ரெய்ஸுக்கு 1.5 பி.பி. போட்டு கால் செய்ய 27% வெல்லும் வாய்ப்பு இருந்தால் போதும். அவர் 4 போட்டால் 3 கட்ட வேண்டும், தேவை 35% ஆகிவிடுகிறது. அதோடு அடுத்த மூன்று தெருவும் நீங்கள் முதலில் ஆட வேண்டும். குயின்-7, ஜாக்-6 போன்றவை போய்விடட்டும். ஸ்மால் பிளைண்டில் கால் என்பதே வேண்டாம்: த்ரீ-பெட் அல்லது ஃபோல்ட்.

அவர் உங்களை த்ரீ-பெட் செய்தால்

20% த்ரீ-பெட் என்றால் 265 காம்போ. அதில் ஜாக் ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரையும் ஏஸ்-கிங்கும் சேர்த்து 40 தான், 15%. மீதி 85% இரண்டாம் தரம். ஆகவே 10 ஜோடிக்கு மேலும், ஏஸ்-குயினுக்கு மேலும் 22 பி.பி. அளவுக்கு ஃபோர்-பெட் (த்ரீ-பெட்டுக்கு மேல் ரெய்ஸ்) செய்து, அவர் ஆல்-இன் போனால் கால் செய்யுங்கள். பொசிஷன் இருந்தால் ஏஸ்-ஜாக், கிங்-குயின், 8 ஜோடி, 9 ஜோடியைக் கால் செய்து ஃப்ளாப் பாருங்கள்.

பிளஃப் ஃபோர்-பெட்? நீங்கள் 2.5 திறந்து, அவர் 9 போட்டு, நீங்கள் 22-க்கு ஏற்றினால், 19.5 பி.பி. பணயம் வைத்து 13-ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள். 60% தடவை அவர் ஃபோல்ட் செய்தால்தான் கட்டுப்படியாகும். அவர் செய்வதை உங்கள் கண்ணால் பார்க்காதவரை தொடாதீர்கள்.

சீட்டே பார்க்காமல் ஆல்-இன் போகிறவர்

சிலர் ஒவ்வொரு கைக்கும் 100 பி.பி.யையும் தள்ளுவார்கள். எல்லாரும் விலகி, பிக் பிளைண்டில் நீங்கள் மட்டும் மிஞ்சினால் கணக்குப்படி 49.4% போதும். ஏஸ்-2 ஆஃப்சூட்டே எந்த இரண்டு சீட்டுக்கும் எதிராக 55% வெல்லும். 55% என்றால் ரேக் போக சராசரி லாபம் 10 பி.பி.க்குள்தான், ஏற்ற இறக்கமோ 100 பி.பி. ஆகும். உங்கள் பேங்க்ரோல் (ஆட்டத்துக்கென ஒதுக்கிய மொத்தப் பணம்) அதைத் தாங்கும் என்றால் எந்த ஏஸும், கிங்-9-க்கு மேலும், 4 ஜோடிக்கு மேலும் கால் செய்யலாம். உங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் ஆட வேண்டியிருந்தால் 8 ஜோடி, ஏஸ்-10-க்குக் கீழே இறங்காதீர்கள்.

படி 4: ஃப்ளாப்புக்குப் பின்

ஜோடியில்லாத எந்தக் கைக்கும் ஃப்ளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது கிடைப்பது 32% தான். மூன்றில் இரண்டு முறை அவருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது, ஆனாலும் பெட் வரும். நம் வருமானம் அந்த வெற்று பெட்டுகளில்தான் இருக்கிறது. அவற்றை நிறுத்தும்படி எதுவும் செய்யாமல் இருப்பதுதான் இந்தப் படியின் சாரம்.

அவருக்கு முன்னால் ஆட வேண்டியிருந்தால் நல்ல கையோடும் செக் செய்யுங்கள். அவர் பெட் செய்ததும் கால் செய்யுங்கள், ரெய்ஸ் வேண்டாம். டாப் பேர் (மேசையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) வைத்துக்கொண்டு ரெய்ஸ் செய்தால் வெற்றுக் கைகள் ஓடிவிடும், செட்டும் டூ பேரும் (இரண்டு ஜோடியும்) நிற்கும். நமக்கு வேண்டியது தலைகீழ்.

கால் செய்ய எவ்வளவு வாய்ப்பு வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்:

பாதி பாட் பெட்டுக்கு 25%
முக்கால் பாட்டுக்கு 30%
முழு பாட்டுக்கு 33%
பாட்டைப் போல இரண்டு மடங்குக்கு 40%

இரண்டு மடங்கு பெட்டைக் கண்டு பலர் நடுங்குகிறார்கள். ஆனால் பத்தில் நான்கு முறை வென்றாலே அந்தக் கால் நஷ்டமில்லை.

முடிவை ஒவ்வொரு தெருவாகத் தள்ளிப்போடாமல், ஃப்ளாப்பிலேயே மூன்று தெருவுக்கும் சேர்த்து எடுங்கள். அவர் 4 பி.பி. திறந்து நீங்கள் கால் செய்தால் பாட் 9.5. அவர் பாட் பெட் செய்துகொண்டே போனால் டர்னில் பாட் 28.5, ரிவரில் 85.5, உங்களிடம் மிச்சம் 58. ரிவரில் அந்த 58-ஐக் கட்ட 29% தேவை. ஃப்ளாப்பில் கால், டர்னில் கால், ரிவரில் பயந்து ஃபோல்ட் என்று ஆடினால் ஒவ்வொரு முறையும் 42 பி.பி.யை அவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். ரிவர் வரை போகத் துணிவில்லாத கையை ஃப்ளாப்பிலேயே விடுவது மலிவு.

ஒரு கையை நிதானமாகப் பார்ப்போம்.

கட்டாஃபில் மேனியாக் 4 பி.பி. பட்டனில் உங்களிடம் ஸ்பேட் ஏஸ், ஹார்ட் ஜாக். 12-க்கு த்ரீ-பெட் செய்கிறீர்கள். பிளைண்ட் இரண்டும் விலக, அவர் கால். பாட் 25.5, ஆளுக்கு 88 மிச்சம்.

ஃப்ளாப்: கிளப் ஜாக், டைமண்ட் 7, டைமண்ட் 4. அவர் நேராக 25 போடுகிறார். பலருக்கும் இங்கே கை தானாக ஆல்-இன் பொத்தானுக்குப் போகும்: டாப் பேர், டாப் கிக்கர் (பெரிய துணைச் சீட்டு), ஃப்ளஷ் டிராவும் (ஒரே சின்னத்தில் ஐந்து சேர இன்னும் ஒரு சீட்டு வேண்டிய நிலை) போர்டில் (மேசையின் பொதுச் சீட்டுகளில்) சாத்தியமாக இருக்கிறது. ஃபோல்ட்டே செய்யாதவர் என்றால் ஆல்-இன் சரிதான். மூன்று தெருவிலும் சுடுகிறவர் என்றால் கால் மேலானது, ஏனென்றால் கிங்-10, 9-8 போன்ற வெற்றுக் கைகளும் டர்னில் மறுபடி பணம் போடும். கால். பாட் 75.5, மிச்சம் 63.

டர்ன்: ஸ்பேட் 2. அவர் ஆல்-இன், 63. கட்ட வேண்டியது 63, மொத்த பாட் 201.5, தேவை 31%.

உங்களை வெல்லும் கைகள்: 7 செட் 3, 4 செட் 3, 2 செட் 3, ஜாக் செட் 1. சூட்டட் டூ பேர்: ஜாக்-7 ஒன்று, ஜாக்-4 ஒன்று, 7-4 மூன்று. மொத்தம் 15 காம்போ. தோற்கும் கைகள்: கிங்-ஜாக் முதல் ஜாக்-8 வரை, இரண்டும் டைமண்டாக உள்ளவற்றைத் தவிர்த்து, 35 காம்போ. ஃப்ளஷ் டிரா 55 காம்போ சாத்தியம். அதில் பாதிக்கும் குறைவாக, 25 மட்டும் எடுத்துக்கொள்வோம். வெறும் காற்றோடு போட்ட கைகளை எண்ணவே இல்லை. ஃப்ளஷ் டிராவுக்கு எதிராக 80%, சின்ன ஜாக்குகளுக்கு எதிராக 93% என்று போட்டால் சராசரி 70%. ஏஸ், கிங், குயின் ஜோடிகளையும் அவர் பதுக்கி ஆடுகிறார் என்று இன்னொரு 15 காம்போ சேர்த்தாலும் 58%-க்குக் கீழே வராது. தயங்காமல் கால்.

இதே டர்ன் டைமண்டாக வந்திருந்தால்? அந்த 25 காம்போவும் உங்களை வெல்லும் பக்கம் போய்விடும். 40 தோல்வி, 35 வெற்றி என்ற அளவில் 44% ஒட்டி நிற்கும். அப்போதும் கால்தான், ஆனால் இடைவெளி சுருங்கிவிட்டது. இவர் ஃப்ளஷ் டிராவோடு மட்டுமே இப்படி முன்னால் பெட் செய்வதைக் குறித்து வைத்திருந்தால் அங்கே ஃபோல்ட் செய்வது நியாயம். குறிப்பு எழுதி வைப்பதன் பயன் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

ரிவரில் எதை வைத்து கால் செய்வது?

நடுத்தரக் கை இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வரும்போது, தவறிப்போன டிராக்களை உங்கள் சீட்டு அடைக்கிறதா என்று பாருங்கள். போர்டு ஸ்பேட் கிங், ஸ்பேட் 9, ஹார்ட் 4, கிளப் 4, டைமண்ட் 2. ஹார்ட் ஏஸ், ஹார்ட் 9 வைத்திருந்தால் அவரிடம் 55 ஸ்பேட் டிரா சாத்தியம். அந்த ஏஸ் ஸ்பேடாக இருந்தால் 45 தான். தவறிய டிரா குறைந்தால் பிளஃபும் குறைகிறது, ஆகவே ஹார்ட் ஏஸ் உள்ள கைதான் நல்ல கால். ஆனால் எந்தக் குப்பையோடும் சுடுகிறவரிடம் இது சின்ன விஷயம். தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

எப்போது நீங்கள் ரெய்ஸ் செய்யலாம்?

செட், டூ பேர் போன்ற பலமான கையோடு இருக்கும்போது, போர்டில் டிராக்கள் குவிந்திருந்தால் ஃப்ளாப்பிலேயே அல்லது டர்னில் ரெய்ஸ் செய்யுங்கள். அடுத்த சீட்டு பயமுறுத்தினால் அவரும் அடங்கிவிடலாம். கிங்-7-2 மாதிரி காய்ந்த (டிரா இல்லாத) போர்டில் ரிவர் வரை கால் மட்டும் போதும். அவர் செக் செய்துவிட்டால் பதுங்கிக் காத்திருக்க வேண்டாம், முக்கால் பாட் பெட் செய்யுங்கள். மாறாக ஏஸ்-கிங்கோடு ஃப்ளாப் தவறி, அவர் செக் செய்தால், செக் செய்து டர்னை இலவசமாகப் பாருங்கள். பெட் செய்தால் செக்-ரெய்ஸ் (முதலில் செக் செய்தவர் உங்கள் பெட்டுக்கு மேல் ரெய்ஸ் செய்வது) வரும், ரிவருக்குள் ஜோடி அடிக்க இருக்கும் 24% வாய்ப்பை நீங்களே தூக்கிப்போட வேண்டிவரும்.

எப்போது ஃபோல்ட்?

அவர் வழக்கத்தை மாற்றும்போது. எப்போதும் சுடுகிறவர் ஃப்ளாப்பிலும் டர்னிலும் செக் செய்து கால் மட்டும் செய்துவிட்டு, ரிவரில் உங்கள் பெட்டுக்கு மேல் ரெய்ஸ் செய்தால், ஒற்றை ஜோடியை விட்டுவிடுங்கள். எப்போதும் பாட் பெட் போடுகிறவர் திடீரென்று டர்னில் மிகச் சிறிய ரெய்ஸ் போட்டாலும் உஷாராகுங்கள். மூன்று பேர் இருக்கும் பாட்டில் மேனியாக்கின் பெட்டை இன்னொருவர் கால் செய்திருந்தால், உங்கள் கையை அந்த இன்னொருவரின் கையோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 5: பேங்க்ரோலும் பொறுமையும்

60% முன்னிலையோடு ஆல்-இன் போனாலும் தொடர்ந்து மூன்று முறை தோற்பது 100-க்கு 6 தடவை நடக்கும். ஆக்ரோஷமான 6 பேர் டேபிளில் 100 கைக்கு ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 100 பி.பி. ஒட்டி இருப்பது சகஜம். அப்படியானால் 10,000 கை ஆடிய பிறகும் உங்கள் உண்மையான திறமைக்கு மேலேயோ கீழேயோ 10 பை-இன் (ஒரு பை-இன் என்பது 100 பி.பி.) விலகியிருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆகவே அந்த ஸ்டேக்குக்கு (ஆடும் பந்தய அளவுக்கு) குறைந்தது 40 பை-இன் கையிருப்பு வேண்டும். அது இல்லாதவர் ஸ்டேக்கைக் குறைத்து ஆடுவதே சரி, ஏனென்றால் பயந்த பணத்தோடு மேலே சொன்ன கால்களைச் செய்ய முடியாது. வீட்டுச் செலவுக்கான பணம் இந்தப் பக்கமே வரக் கூடாது. இழந்ததைப் பிடிக்க மறுபடி மறுபடி பணம் போடும் பழக்கம் தொடங்கியிருந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு உதவி தேடுங்கள்.

சாட்டில் அவர் சீண்டுவார். சாட்டை அணைத்துவிடுங்கள். ஒரு பெரிய பாட் தோற்றதும் ஒரு சுற்று சிட்-அவுட் போட்டு (ஆடாமல் ஒதுங்கியிருந்து)விட்டு அந்தக் கையின் கணக்கைப் பாருங்கள். கால் செய்யும்போது தேவையான சதவீதம் உங்களிடம் இருந்ததா? இருந்தது என்றால் அதேபோலத் தொடருங்கள். ‘இவனை விடக் கூடாது’ என்று செய்த கால் என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். தன்னை அடக்கத் தெரியாதவர்கள் 3 பை-இன் என்று முன்கூட்டியே எல்லை வைத்துக்கொள்வது நல்லது. அடக்கத் தெரிந்தவர் மேனியாக் இருக்கும் டேபிளை எல்லை தொட்டதற்காக மட்டும் விட்டுப்போவது நஷ்டம் என்பது எங்கள் கருத்து.

படி 6: அவர் எழுந்து போன பிறகு

மேனியாக் போனதும் டேபிள் ஒரே நொடியில் வேறு டேபிளாகிவிடும். ஒரு மணி நேரமாக ஏஸ்-10-ஐ அரசன் போல ஆடிப் பழகிய கை அதையே தொடரும், பிரச்சினை அங்கே. அடுத்த சுற்றுக்குள் த்ரீ-பெட் பட்டியலைப் பழைய அளவுக்குச் சுருக்குங்கள், இறுக்கமானவர்களின் ரிவர் பெட்டுக்கு இரண்டாம் ஜோடியோடு கால் செய்வதை நிறுத்துங்கள். மற்றவர்கள் நீங்கள் லேசான கைகளோடு கால் செய்ததைப் பார்த்திருப்பார்கள், உங்களைப் பிளஃப் செய்யத் தயங்குவார்கள். அதனால் அவர்களுடைய பெரிய பெட்டை முன்பைவிட அதிகமாக நம்பி ஃபோல்ட் செய்யலாம், உங்கள் நல்ல கைக்கு முன்பைவிடப் பெரிதாக பெட் செய்யலாம். 200 பி.பி.க்கு மேல் சேர்ந்துவிட்டு, அதே அளவு ஸ்டாக்கோடு தேர்ந்த ஒருவர் உங்கள் இடதுபுறம் இருந்தால், அந்த ஆழத்தில் ஆடிப் பழக்கமில்லாதவர் எழுந்து புது டேபிளில் 100 பி.பி.யோடு உட்காருவதே பாதுகாப்பு.